2.4 பெரிதா, 2.35 பெரிதா?



போன முறை இந்தச் சுவர் இதழில் நான் விடுகதைகள் எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு தப்பைப் பற்றி எழுதப் போகிறேன். வேறு யாருடைய தப்பும் இல்லை, என்னுடையதுதான்.

நம் வளாகத்திலேயே இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டு விழா நடந்தபோது ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிலரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். எனக்குக் கிடைத்த வேலை நீளம் தாண்டுதலில் அளவு குறிப்பது. மணல் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு அட்டை, ஒரு பேனா. டேப் பிடித்தவர்கள் சத்தமாகச் சொல்வார்கள், நான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் பிரிவில் பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பாப்பா தாண்டினாள். "ரெண்டு நாப்பது" என்றார்கள். 2.4 என்று எழுதினேன். அடுத்து இன்னொரு பாப்பா. "ரெண்டு முப்பத்தஞ்சு." 2.35 என்று எழுதினேன்.

அதுவரை எல்லாம் சரிதான். பட்டியல் போடும் நேரத்தில் நல்ல வெயில், பசி வேறு, மேடையிலிருந்து மைக்கில் "பெயர் வரலை, பெயர் வரலை" என்று கூப்பிடுகிறார்கள். அட்டையைப் பார்த்தேன். ஒன்றில் புள்ளிக்குப் பிறகு 4, இன்னொன்றில் 35. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 35-க்குப் போனது. பச்சை ரிப்பனுக்கு இரண்டாம் பரிசாக ஒரு டம்ளர்.

இரண்டு நாள் கழித்து பி.டி. சார் அந்த அட்டையை ரெஜிஸ்டரில் அழகாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொண்டு வரும்போது அந்த இரண்டு வரியில் கை நின்றுவிட்டது. காலாண்டில் கணக்கில் 92 எடுத்தவள் நான். வெட்கமாக இருந்தது. சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் லிஸ்ட்டைத் திருத்தலாம்" என்றார்.

போய்ச் சொன்னேன். "பாப்பா, நீதான் ஃபர்ஸ்ட்டு. நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இல்லக்கா. எனக்கு நாலு, அவளுக்கு முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுதானே பெருசு?"

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தான் தோற்றது நியாயம்தான் என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பரபரப்பாக விளக்க ஆரம்பித்தேன். "2.4ன்னா 2.40 பாப்பா. பின்னாடி ஒரு சைபர் போட்டுப் பாரு. 40 பெருசா 35 பெருசா?"

அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு மட்டும் சைபர் போட்டா எப்படிக்கா? அவளுக்கும் ஒண்ணு போடுங்க. முந்நூத்தம்பது ஆயிடும்."

நண்பர்களே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்மில் பல பேர் 'சைபர் சேர்த்துப் பார்' என்ற ஒரே விதியை வைத்துத்தான் தசமத்தைச் சமாளிக்கிறோம். ஏன் சேர்க்கலாம், சேர்த்தால் ஏன் மதிப்பு மாறாது என்று கேட்டால் முழிக்கிறோம். அவளுடைய பரிசை அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் இதை அவளுக்குப் புரியவைத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் அனுமதி வாங்கி, இரண்டு வாரம் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போனேன். அங்கே நான் சொல்லிக்கொடுத்ததும், எனக்கே அங்கே தெரிய வந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாள் தசமத்தைத் தொடவே இல்லை. "முதல்ல முழு எண் எழுதச் சொல்லிப் பாரு, அங்கதான் விஷயமே இருக்கு" என்று டீச்சர் சொன்னார்கள். அக்காவுடன் வந்து உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புத் தம்பி ஒருவனிடம் நூற்றைந்து எழுதச் சொன்னேன். 1005 என்று எழுதினான். பெரிய பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். சரி, நீங்க பத்தாயிரத்து நாற்பது எழுதுங்க என்றேன். சிரித்தவர்களில் நாலைந்து பேர் 1000040 என்று எழுதினார்கள். பத்தாயிரம், அதை ஒட்டி நாற்பது. காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள்.

இது முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். நம் பழைய தமிழ் எண் முறையே அப்படித்தான் இருந்தது! தமிழில் 1 முதல் 9 வரை குறிகள் உண்டு. அதோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகளும் உண்டு. 2345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். இரண்டு ஆயிரம், மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. நூற்றைந்து என்றால் ௱௫, அவ்வளவுதான். சைபருக்கு அங்கே வேலையே இல்லை. வாயால் சொல்வதும் கையால் எழுதுவதும் ஒன்றாகவே இருந்தது. அந்தக் குட்டித் தம்பி செய்ததும் அதே வேலைதான், ௱ என்ற குறிக்குப் பதில் 100 என்று போட்டுவிட்டான்.

இப்போது நாம் எழுதும் முறையில் நூறு என்ற சொல்லுக்குக் குறி கிடையாது. நூறு என்பது ஓர் இடம். 105-ல் உள்ள 1 தனியாகப் பார்த்தால் வெறும் ஒன்றுதான் (அதுதான் முகமதிப்பு). அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் அதை நூறாக்குகிறது (அதுதான் இடமதிப்பு). நடுவில் பத்து வீடு காலி. காலி வீட்டை அப்படியே விட்டால் 1-ம் 5-ம் ஒட்டிக்கொண்டு 15 ஆகிவிடும். அதனால் காலி வீட்டுக்குக் காவலாக சைபரை உட்காரவைக்கிறோம். ஒவ்வோர் இடமும் தனக்கு முந்திய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்று ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

வராண்டாத் தரையில் சாக்பீஸால் வீடுகள் வரைந்தோம். ஒன்று வீடு, அதற்கு இடப்பக்கம் பத்து வீடு, அதற்கு அடுத்து நூறு வீடு. விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்துவைத்துக்கொண்டோம். விதி ஒன்றே ஒன்று: எந்த வீட்டிலும் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது. பத்தாவது குச்சி வந்தால் பத்தையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாக்கி இடப்பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் அது பெரிய கட்டாகி நூறு வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொண்டார்கள்.

(சும்மா ஒரு விஷயம். எழுபது, எண்பது வரை ஒழுங்காக வரும் தமிழ், அடுத்ததற்கு 'ஒன்பது பத்து' என்ற மாதிரி பெயர் வைக்காமல் 'தொண்ணூறு' என்று நூறைக் கொண்டுவந்து வைக்கிறது. எழுநூறு, எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம் என்று ஆயிரம் வருகிறது. தொண்ணூறு எழுதச் சொன்னால் நூறு என்ற சத்தத்தைக் கேட்டு மூன்று இலக்கம் போடும் குட்டிப் பையனை இனிமேல் யாரும் குட்டாதீர்கள்.)

மூன்றாம் நாள்தான் தசமம். வராண்டா வீடுகளுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன். "இடப்பக்கம் ஒரு வீடு போனா?"

"பத்து மடங்கு!"

"அப்ப நூறு வீட்டிலேர்ந்து வலப்பக்கம் வந்தா?"

"பத்துல ஒரு பங்கு. பத்து."

"இன்னும் ஒரு வீடு வலப்பக்கம்?"

"பத்துல ஒரு பங்கு. ஒண்ணு."

"இன்னும் ஒரு வீடு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசியில் நின்ற ஒரு பையன், "அங்க சுவருதான்க்கா இருக்கு" என்றான். நிஜமாகவே நான் ஒன்று வீட்டைச் சுவரை ஒட்டி வரைந்திருந்தேன்! எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வலப்பக்கம் நிறைய இடம் விட்டு, வீடுகளைத் தள்ளி வரைந்தோம். ஒன்றைப் பத்தாக வெட்டினால் ஒரு துண்டு பத்தில் ஒன்று. அதற்கு ஒரு வீடு. அந்தத் துண்டை மறுபடியும் பத்தாக வெட்டினால் நூறில் ஒன்று. அதற்கும் ஒரு வீடு. இப்படியே ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம், முடிவே கிடையாது. விதி மாறவே இல்லை. இடப்பக்கம் போனால் பத்து மடங்கு, வலப்பக்கம் போனால் பத்தில் ஒரு பங்கு. ஒன்று வீடு எதுவென்று தெரிய வேண்டும் அல்லவா? அதைக் காட்டத்தான் அதன் வலப்பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு வேறு வேலை இல்லை. வராண்டாவில் புள்ளிக்குப் பதிலாக ஒரு கூழாங்கல் வைத்தோம்.

பச்சை ரிப்பன் அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "இந்தப் பக்கம் பத்து வீடு, அந்தப் பக்கம் பத்தில் ஒன்று வீடு. இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நூறில் ஒன்று. அப்ப இந்தப் பக்கம் ஒண்ணுக்கு ஜோடியா அந்தப் பக்கம் 'ஒன்றில் ஒன்று' வீடு எங்கேக்கா?" இந்தக் கேள்வி ஒன்பது வருஷப் படிப்பில் எனக்குத் தோன்றியதே இல்லை. கணக்கு சாரிடம் போய்க் கேட்டேன். "புள்ளியை நடுன்னு நெனச்சா அப்படித்தான் தோணும். நடு எது? ஒன்று வீடு. அதை நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் பாரு" என்றார். பார்த்தால் அழகாக வருகிறது. ஒன்றுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. அடுத்து நூறு, நூறில் ஒன்று. ஒன்றில் ஒன்று என்பதும் ஒன்றுதானே, அதனால் அதற்குத் தனி வீடு தேவையில்லை. (ஓரத்தில் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஒன்று வீட்டுக்குச் சிவப்பு ஸ்கெட்ச்.)

இனி நீளம் தாண்டுதலுக்கு வருகிறேன். ஒரு மீட்டர் சணல் கயிறு நாலு வெட்டினோம். 10 செ.மீ. நீளத்துக்கு ஈர்க்குச்சிகளை ஒடித்தோம். பத்துக் குச்சியை நீளவாக்கில் வைத்தால் ஒரு கயிறு. அதனால் ஒரு குச்சி என்பது மீட்டரில் பத்தில் ஒன்று. சில குச்சிகளை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டினோம். பத்துத் துண்டு வைத்தால் ஒரு குச்சி. அதனால் ஒரு துண்டு மீட்டரில் நூறில் ஒன்று. இப்போது 2.4 என்பதைத் தரையில் வையுங்கள் என்றால் இரண்டு கயிறு, நாலு குச்சி. 2.35 என்றால் இரண்டு கயிறு, மூன்று குச்சி, ஐந்து துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்தார்கள். ஐந்து துண்டும் சேர்ந்து அரைக் குச்சிதான். நாலாவது குச்சியைப் பிடிக்க முடியவில்லை.

"முப்பத்தஞ்சு எங்க போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். அது எங்கேயும் போகவில்லை, மூன்று குச்சியையும் உடைத்தால் முப்பது துண்டு, இருக்கிற ஐந்தோடு முப்பத்தைந்து துண்டு. அப்படிப் பார்த்தால் 4 என்பது நாலு குச்சி, அதை உடைத்தால் நாற்பது துண்டு. நாம் செய்த தப்பு, குச்சியையும் துண்டையும் ஒரே மாதிரி எண்ணியது. நாலு நூறு ரூபாய்த் தாளை முப்பத்தைந்து பத்து ரூபாய்த் தாளோடு வைத்து 'நாலைவிட முப்பத்தைந்து பெரிசு' என்று சொன்ன மாதிரி.

'இரண்டு புள்ளி முப்பத்தைந்து' என்று படிப்பதே பாதித் தப்புக்குக் காரணம். முப்பத்தைந்து என்றால் காதுக்கு அது முழு எண். 'இரண்டு புள்ளி மூன்று ஐந்து' என்று ஒவ்வொன்றாகப் படிக்கவைத்தேன். இன்னும் நல்லது, 'இரண்டு, பத்தில் மூன்று, நூறில் ஐந்து' என்று வீட்டுப் பெயரோடு படிப்பது. ஆரம்பத்தில் இழுவையாக இருந்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஆனால் பிள்ளைகளைச் சுற்றி எத்தனை பொய்ப் புள்ளிகள் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் இந்த இரண்டு வாரத்தில்தான் கவனித்தேன்.

முதலில் கிரிக்கெட். 4.3 ஓவர் என்றால் நாலு ஓவர், மூன்று பந்து. ஓவருக்கு ஆறு பந்து, ஆக அது நாலரை ஓவர், தசமத்தில் 4.5. ஸ்கோர் போர்டில் 4.5-க்கு அடுத்து 5.0 வரும், 4.6 வராது. அங்கே புள்ளிக்கு வலப்பக்கம் ஆறு பேர் வந்தாலே அடுத்த வீடு! பையன்கள் இதை என்னைவிட வேகமாகச் சொன்னார்கள். அடுத்தது மணி. 4.30 மணி என்று எழுதுகிறோம், அது நாலரை. அங்கே அறுபது சேர்ந்தால்தான் ஒன்று. மூன்றாவது நம் கணக்குப் புத்தகமே. பயிற்சி 1.9-க்கு அடுத்து பயிற்சி 1.10 வருகிறது. தசமமாகப் பார்த்தால் 1.10 என்பது 1.1-தான், எப்போதோ முடிந்த பயிற்சி! இந்த மூன்றிலும் புள்ளி ஒரு வேலி. அந்தப் பக்கம் ஒரு முழு எண், இந்தப் பக்கம் இன்னொரு முழு எண். இவற்றையெல்லாம் தினமும் பார்க்கும் பிள்ளை, தசமப் புள்ளியையும் வேலி என்று நினைத்தால் குற்றம் யாருடையது?

ரூபாய், பைசா வைத்துத் தசமம் சொல்லிக்கொடுப்பது ரொம்ப நாள் வழக்கம். எங்கள் தாத்தா காலத்தில் அதுவே புதுசு. முன்பு ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, 64 பைசா. 1957 ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய்க்கு நூறு பைசா என்று மாறியது. புது 'நயா பைசா' வந்த பிறகும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்வது நிற்கவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆகிவிட்டது. நான் வகுப்பில் பத்து பைசா என்று சொன்னதும், "அது எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டார்கள். பார்க்காத காசை வைத்துப் பார்க்காத எண்ணை எப்படி விளக்குவது? வேறொரு சிக்கலும் உண்டு. ரூபாயில் பைசா எப்போதும் இரண்டு இலக்கம். ரூ. 5.5 என்று எழுதினால் ஐந்து ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கிறார்கள், உண்மையில் அது ஐந்து ரூபாய் ஐம்பது பைசா. மூன்றாவது இலக்கம் வந்தால் அவ்வளவுதான், பைசாவுக்குக் கீழே என்ன இருக்கிறது?

அதற்கு மளிகைக் கடைத் தராசு நல்லது. எலக்ட்ரானிக் தராசில் கால் கிலோ வைத்தால் 0.250, அரைக் கிலோ வைத்தால் 0.500 என்று மூன்று இலக்கமும் காட்டும். கடைசி சைபரை அது ஒருபோதும் விடாது. அதனால்தான் கடையில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. 0.25, 0.5 என்று காட்டினால் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்களோ!

நம் வீட்டு அளவுகள் எல்லாம் பாதி பாதியாகவே வந்தவை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாகப் பிரித்தவை. பாட்டி சொல்லும் ஆழாக்கு, படியில் எட்டில் ஒரு பங்கு. தசமம் பத்தாக மட்டுமே வெட்டும். அதனால்தான் வாயில் சுலபமாக வரும் 'கால்' என்பது தசமத்தில் 0.25 என்று இரண்டு வீடு எடுத்துக்கொள்கிறது. அரைக்கால் 0.125, மூன்று வீடு. மாகாணி 0.0625, நாலு வீடு! பிள்ளைகள் கஷ்டப்படுவதில் ஆச்சரியமே இல்லை.

பெரியவர்களும் கஷ்டப்பட்டார்கள். சமர்கண்டில் இருந்த அல் காஷி 1427-ல் முடித்த நூலில் தசம பின்னங்களை விளக்கினார். ஐரோப்பாவில் இதைப் பரப்பியவர் சைமன் ஸ்டெவின். 1585-ல் டச்சு மொழியில் ஒரு சிறு நூல் போட்டார். நிலம் அளப்பவர்களும் வியாபாரிகளும் பின்னத்தோடு மல்லுக்கட்டாமல் முழு எண் மாதிரியே கணக்குப் போடட்டும் என்பது அவர் எண்ணம். அவர் புள்ளி வைக்கவில்லை! ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் போட்டு, முழு எண்ணுக்கு வட்டத்துக்குள் 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2 என்று எழுதினார். அதாவது ஒவ்வோர் இலக்கமும் தன் வீட்டு எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றது. இதை ஐந்தாம் வகுப்பில் சொன்னேன், அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாலு நாள் எல்லாரும் வட்டம் போட்டே எழுதினார்கள். வட்டம் போட்டு எழுதும்போது 4-ஐயும் 35-ஐயும் ஒருவர்கூட ஒப்பிடவில்லை. குச்சி வட்டத்தைக் குச்சி வட்டத்தோடு மட்டுமே ஒப்பிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது வேறொரு தப்பு வந்தது. 0.8, 0.86 இரண்டில் எது பெரிது என்றேன். முன்பு சரியாகச் சொன்ன ஒரு பையன் 0.8 என்றான். ஏன்டா என்றால், "குச்சி பெருசு, துண்டு சின்னதுக்கா. துண்டு வந்தா சின்ன நம்பர்" என்றான். யோசித்துப் பாருங்கள். இந்த விதியை வைத்துக்கொண்டே அவன் '2.4-தான் 2.35-ஐவிடப் பெரிது' என்று சரியான விடை சொல்லியிருக்கிறான்! நான் சபாஷ் போட்டிருக்கிறேன்! நீளமாக இருந்தால் பெரிது என்று நினைப்பவர்கள் ஒரு வகை, குட்டையாக இருந்தால் பெரிது என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை என்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் ஆராய்ந்து எழுதியிருப்பதாகக் கணக்கு சார் சொன்னார். ஒரு கணக்கு மட்டும் கொடுத்துச் சரிபார்த்தால் ஒரு வகை தப்பித்துவிடும். இரண்டு வகைக் கணக்கும் கலந்து கொடுக்க வேண்டும். டீச்சர்கள் தயவுசெய்து கவனிக்கவும் (நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் மன்னிக்கவும்).

பத்தால் பெருக்குவதில் இன்னொரு கூத்து. 'பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு சைபர் சேர்' என்று மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறோம். 2.4-ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் 2.40 என்று எழுதிக் காட்டினார்கள். சொன்ன விதிப்படி சரிதானே? வராண்டாவில் செய்து பார்த்தோம். ஒரு பெண் 2 என்று எழுதிய சிலேட்டோடு ஒன்று வீட்டில், ஒரு பையன் 4 என்ற சிலேட்டோடு பத்தில் ஒன்று வீட்டில். பத்தால் பெருக்கு என்றதும் இருவரும் இடப்பக்கம் ஒரு வீடு நகர வேண்டும். 2 பத்து வீட்டுக்கு, 4 ஒன்று வீட்டுக்கு. கூழாங்கல் அசையவே இல்லை. 24! மறுபடி பத்தால் பெருக்கினால் இருவரும் இன்னும் ஒரு வீடு நகர, ஒன்று வீடு காலி. உடனே சைபர் சிலேட்டோடு ஒருவன் ஓடி வந்து நின்றான். 240. பழைய விதியில் பின்னால் சேர்ந்த சைபர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. 'புள்ளி நகரும்' என்று நாம் சொல்வதும் சுருக்கத்துக்காகத்தான், நகர்பவை எண்கள்.

கடைசியாக அந்த சைபர் பிரச்சினை. 2.5, 2.05, 2.50 மூன்றையும் குச்சியால் வைத்தார்கள். 2.05-ல் குச்சி வீடு காலி, அங்கே காவல் தேவை. சைபரை எடுத்தால் ஐந்து துண்டும் குச்சி வீட்டுக்குள் புகுந்துவிடும். 2.50-ல் துண்டு வீட்டில் ஒன்றுமில்லை, அதற்கு அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. காவல் போட்டாலும் சரி, எடுத்தாலும் சரி, யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனால் 35-க்குப் பின்னால் சைபர் போட்டு 350 ஆக்கினால் எல்லாரும் வீடு மாறிவிடுவார்கள். பச்சை ரிப்பன் இதை நான் சொல்லாமலே சொன்னாள். "அவளுக்கும் ஒண்ணு போட்டா 2.350. யாரும் நகரலைக்கா. முந்நூத்தம்பது இல்ல."

மதிப்பு மாறாவிட்டாலும் போட்டிகளில் அந்த சைபரை எழுதத்தான் வேண்டும். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் தாண்டிய தூரம் 8.90 மீட்டர், 1991-ல் டோக்கியோவில் மைக் பவல் தாண்டியது 8.95. பீமன் கணக்கை யாரும் 8.9 என்று எழுதுவதில்லை. சென்டிமீட்டர் வரைக்கும் அளந்தோம், அங்கே எதுவும் இல்லை என்பதற்கு அந்த சைபர் சாட்சி. அன்றைக்கு நானும் 2.40 என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை பி.டி. சார் டேப்பைக் கொடுத்தார். மணல் குழிக்குப் பக்கத்தில் பச்சை ரிப்பன் ஒரு முனையையும் டிபன் பாக்ஸ் வாங்கிய பாப்பா மறு முனையையும் பிடித்தார்கள். 2.35-ல் ஒரு கோடு, 2.40-ல் ஒரு கோடு. டிபன் பாக்ஸ் பாப்பா குனிந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் அகலம்கூட முழுசாக இல்லை. "இவ்ளோதானா?" என்றாள். அப்புறம் அவளே, "ஆனா நீதான் அதிகம்" என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நான் அங்கே நின்றதற்காகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் சார் திருத்தத்தை அறிவித்தார். தப்பு எழுதியவர் என்று என் பெயரையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், சொன்னார். டிபன் பாக்ஸ் நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து வந்திருந்தது. "மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், இப்படித் திருகித் தொறக்கணும்" என்று அதைக் கொடுத்தவளே காட்டிக்கொடுத்தாள். டம்ளர் இந்தப் பக்கம் வந்தது. அறிவிப்புப் பலகையில் புதுப் பட்டியலை ஒட்டியிருக்கிறேன், எல்லா அளவுக்கும் இரண்டு இலக்கம்.

புதன், வெள்ளி மத்தியானம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள், அங்கேதான் நிற்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள். வரும்போது வீட்டிலிருந்து ஒரு பழைய விளக்குமாறு கொண்டு வாருங்கள், இருந்த ஈர்க்குச்சி எல்லாம் ஒடிந்து துண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி